முப்பத்தொன்றாவது குடை

அலமாரியை ஏழாவது தடவையாகத் திறந்து பார்த்தார் டீச்சர். ஆறு தடவையும் காலியாக இருந்த தட்டு ஏழாவது தடவையும் காலியாகத்தான் இருந்தது.

"இன்னும் எத்தனை தடவை திறந்தாலும் இல்லாதது இல்லாததுதான் டீச்சர். கீலுக்குத்தான் தேய்மானம்," என்றாள் சின்னவள்.

பெரியவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடு, கண்ணைத் திற என்று அர்த்தம். பதினாறு வருஷமாக அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டிருக்கிறாள் சின்னவள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு பேரும். ஓரகத்திகள் சேர்ந்தால் ஒரு ரசம்கூட ஒழுங்காகக் கொதிக்காது என்று மாமியார் உறவெல்லாம் கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் சலவைக்கடை மாடியில் ஒரு அறை பிடித்து, துப்பறியும் அலுவலகம் என்று பலகையே மாட்டிவிட்டார்கள். பெரியவள் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். எரியாத கடை எரிந்துபோனதாக வந்து அழுகிறவர்களின் கண்ணீரை நாக்கில் வைக்காமலே உப்பு பார்க்கத் தெரிந்தவள். சின்னவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். ஸ்டியரிங் அடுத்தவர் கையில், உயிர் தன் கையில் என்று உட்கார்ந்து பழகினவளுக்குக் கிண்டல் வராமல் வேறு என்ன வரும்?

"முதல்லேர்ந்து சொல்லுங்க டீச்சர்," என்றாள் பெரியவள். "அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். மணி ஒன்றரை ஆச்சு, அஞ்சு மணிக்குப் போலீஸ்னு போன்ல சொன்னீங்க."

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

இது ஓவியக் காட்சியகம். வருகிறவர்களை அழைத்துக்கொண்டு போய் ஒவ்வொரு பொருளாக விளக்கிச் சொல்லும் வழிகாட்டிகள் இருக்கிறார்களே, அவர்கள் படித்துத் தயாராகும் அறை இது. டீச்சருடைய பொறுப்பு ஆசியப் பகுதி. அதிலும் ஜப்பான் என்றால் அவருக்கு உயிர். சுவர் முழுக்க அவர் கையால் எழுதிய ஃபைல்கள். மேஜைமேல் தட்டுத்தட்டாக, தொட்டுப் பார்க்க அரக்குப் பூச்சுப் பூசிய மரத்துண்டு, பட்டுத் துணி, கையால் செய்த காகிதம். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்க விளிம்பு போன பீங்கான் கிண்ணம். எல்லாவற்றிலும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். மஞ்சள் இருந்தால் அது நகல், அல்லது பயிற்சிச் சாமான். யாரும் தொடலாம், கேட்டு வாங்கி வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகலாம்.

அலமாரியில் இருந்த மஞ்சள் ஸ்டிக்கர் பெட்டி ஒன்றைத்தான் இப்போது காணோம்.

"நகல்தானே காணோம்? அதுக்கா போலீஸ்?" என்றாள் சின்னவள்.

"நகல் காணாம போகலைம்மா. நகல் கிடைச்சுடுச்சு, அதான் வினையே," என்றார் டீச்சர். "எங்ககிட்ட ஜப்பான்லேர்ந்து வந்த ஒரு நீளச் சுருள் இருக்கு. இருநூறு வருஷத்துக்கு முன்னாடி வரைஞ்சது. மழையில ஒரு ஊர்வலம் போகுது, எல்லார் கையிலயும் குடை. வலது பக்கத்துலேர்ந்து ஒரு கை அகலம் விரிச்சுப் பார்த்துட்டு, பார்த்ததைச் சுருட்டிக்கிட்டே இடது பக்கம் போகணும். அசலை மூணு மாசம் கண்ணாடிக்குள்ள வெச்சா, அப்புறம் இருட்டு அறையில பெட்டிக்குள்ள ஓய்வு. வெளிச்சம் பட்டா சாயம் போயிடும். வழிகாட்டிகள் விரிச்சுப் பழகறதுக்கு அச்சு அசலா ஒரு நகல் இந்த அலமாரியில இருக்கும். இன்னிக்குக் காலைல அசலைப் படம் எடுக்கணும்னு ஓய்வு அறைப் பெட்டியைத் திறந்தாங்க. உள்ளே இருந்தது நகல்."

"ஓடிவந்து உங்க அலமாரியைப் பார்த்தா, இங்கே ஒண்ணுமே இல்லை," என்றாள் பெரியவள்.

"ஆமாம்."

பெரியவள் மேலே கேட்பதற்குள் கதவு திறந்தது. டைரக்டர். சட்டைக் காலர் மடிப்பிலேகூடக் கவலை தெரிகிற மனிதர். கையில் தட்டச்சடித்த தாள்.

"நான் கெட்டவன் இல்லைம்மா," என்றார், யாரும் கேட்காமலே. "டீச்சரை எனக்கு முந்தின ரெண்டு டைரக்டருக்கும் தெரியும். ஆனா பாருங்க, நகல் இருந்தது இவங்ககிட்ட. அசல் இருந்த பெட்டியில இப்ப அது இருக்கு. மூணு மாசம் முன்னாடி, அசல் பழுதுபார்க்கற அறைக்கு வந்த அன்னிக்கு, மத்தியானம் அந்த அறைச் சாவியைக் கையெழுத்துப் போட்டு வாங்கினதும் இவங்க ஒருத்தர்தான். நான் என்ன நினைக்கணும்? அஞ்சு மணிக்கு இதைப் போலீஸ்ல கொடுத்தாகணும். அதுக்குள்ள நீங்க ஏதாவது கொண்டுவந்தா சந்தோஷப்படற முதல் ஆள் நான்தான்."

அவர் போனதும் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். "என் மகளுக்கு இன்னும் சொல்லலை," என்றார் மெதுவாக. "பேப்பர்ல பார்த்துத் தெரிஞ்சுக்கப்போறா, அம்மா ஒரு திருடின்னு."

சின்னவள் வாயில் ஒரு கிண்டல் தயாராக இருந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டாள்.

* * *

பழுதுபார்க்கும் அறையில் ஒட்டுக்காரர் இருந்தார். கிழிந்த காகிதத்தை எல்லாம் பசை வைத்து ஒட்டுகிறவர் என்பதால் காட்சியகத்தில் எல்லோருக்கும் அவர் ஒட்டுக்காரர்தான். வற்றிப்போன ஆள், விரல் நுனியெல்லாம் வெள்ளைப் பொருக்கு. எதிரே நீள மேஜையில் நகல் சுருள் முழுசாக விரிந்து கிடந்தது, பிரேதப் பரிசோதனைக்கு வைத்த மாதிரி.

"அசல் இல்லைன்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றாள் பெரியவள்.

"இது அச்சடிச்சது. லென்ஸ் வெச்சா புள்ளி புள்ளியாத் தெரியும். அசல்ல தூரிகை இழுத்த கோடு இருக்கும். காலைல விரிச்சதும் நேரா டைரக்டர்கிட்ட ஓடினேன்."

"மூணு மாசம் முன்னாடி அசலைப் பெட்டியில வெச்சது நீங்கதானே?"

"நான்தான். டைரக்டரும் அதைத்தான் கேட்டார். ஆமான்னுட்டேன்."

"அன்னிக்கு விரிச்சுப் பார்த்து வெச்சீங்களா?"

ஒட்டுக்காரர் விரலில் இருந்த பொருக்கை உரிக்க ஆரம்பித்தார். "காலைல விரிச்சுப் பார்த்தேன். சுருட்டி வெள்ளைத் துணியில சுத்தினேன். சாப்பிடப் போனேன். வந்து துணியோட எடுத்துப் பெட்டியில வெச்சேன். சும்மா சும்மா விரிக்கக்கூடாதும்மா. ஒவ்வொரு விரிப்புக்கும் அதுக்கு ஆயுசு குறையும். இங்கே அது சட்டம்."

"நீங்க சாப்பிடப் போனப்ப மேஜையில வேற என்ன இருந்துச்சு?"

"நகலும்தான். அதைச் சுருட்டற கட்டை ஒரு பக்கம் கழண்டுடுச்சுன்னு டீச்சர் கொடுத்திருந்தாங்க. ஒட்டிட்டு அதையும் துணியில சுத்தி வெச்சிருந்தேன்."

"ரெண்டும் வெள்ளைத் துணி?"

"என்கிட்ட வேற கலர் துணி கிடையாதே."

பெரியவள் சுருளின் வலது ஓரத்துக்குப் போனாள். "சின்னவளே, எண்ணு."

"எதை?"

"குடையைத்தான். சம்பளத்தையா எண்ணச் சொல்றேன்?"

சின்னவள் விரலைக் காற்றிலேயே நகர்த்திக்கொண்டு போனாள். மழை சாய்கோடாக விழுந்துகொண்டிருந்தது. சேறு. மரச் செருப்பு. ஒரு குடைக்கு அடியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இரண்டு பேர். "இவங்க கல்யாணம் ஆன புதுசு. அடுத்த வருஷம் ஆளுக்கொரு குடை வாங்கிடுவாங்க," என்றபடி இடது ஓரத்துக்கு வந்து சேர்ந்தாள். "முப்பது."

"சரியாத்தான் இருக்கு. ஃபைல்லயும் முப்பதுதான் போட்டிருக்கு," என்றார் ஒட்டுக்காரர்.

"அப்போ இது யாரோடது?" பெரியவள் குனிந்து ஒரு இடத்தைக் காட்டினாள்.

பதினெட்டாவது குடைக்கும் அதற்கு அடுத்த குடைக்கும் நடுவில், சேற்றில், மரச் செருப்புப் போட்ட இரண்டு பாதம். நன்றாக வரைந்த பாதம், சுண்டுவிரல்கூடத் தெரிந்தது. அதற்கு மேலே ஆளும் இல்லை, குடையும் இல்லை. வெறும் மழை.

"பேய்க்குக் கால் இருக்காதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள் சின்னவள். "இது காலை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கே!"

ஒட்டுக்காரர் லென்ஸை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "இங்கே ஒரு இணைப்பு இருக்கும்மா. அசலைத் துண்டு துண்டாப் படம் எடுத்து, சேர்த்துத்தான் நகல் அடிச்சிருக்காங்க. இந்த இடத்துல மேல் பாதியில நாலு விரல் அகலம் விட்டுப்போயிருக்கு. ஒரு ஆளே விழுந்துட்டார்."

"அப்படின்னா அசல்ல குடை எத்தனை?"

ஒட்டுக்காரர் முழித்தார். "நான் கிழிசலைத்தான் பார்ப்பேன். குடையை எண்ணினதே இல்லையே!"

* * *

"முப்பதுதான்," என்றார் டீச்சர், கேட்ட கேள்வி முடிவதற்குள். "பரீட்சையில முதல் கேள்வியே அதுதானே! படத்தை நிதானமாப் பார்க்கறாங்களான்னு தெரிஞ்சுக்கறதுக்காக வைக்கிற கேள்வி. ஊர்வலத்தில் எத்தனை குடை? விடை முப்பது."

"அந்தப் பேப்பரெல்லாம் இருக்கா?"

இருந்தது. டீச்சர் எதையும் தூக்கிப்போடுகிற ரகம் இல்லை. போன வருஷத்துக் கட்டு, அதற்கு முந்தின வருஷத்துக் கட்டு, எல்லாம் நாடா கட்டி வைத்திருந்தார். பெரியவள் பழையதை எல்லாம் வேகமாகப் புரட்டினாள். முப்பது, முப்பது, முப்பது. பிறகு, மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்த பரீட்சை. ஒன்பது பேர்.

ஆறு பேப்பரில் முப்பது, பக்கத்தில் சிவப்பு டிக். மூன்று பேப்பரில் முப்பத்தொன்று. பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

"இது என்ன டீச்சர்?"

டீச்சர் முகம் சுளித்தது. "அதை ஏன் கேட்கறீங்க. மூணு பேரும் ஒரே பெஞ்ச். ஒருத்தர் தப்பா எழுத, மத்த ரெண்டு பேரும் பார்த்து எழுதியிருக்காங்க. இல்லைன்னா மூணு பேருக்கும் ஒரே தப்பு எப்படி வரும்? கூப்பிட்டுக் கேட்டேன். ரெண்டு பேர் மன்னிப்பு கேட்டுட்டாங்க. மூணாவது ஆள் மட்டும் ஒத்துக்கவே இல்லை. ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். 'நான் முப்பது வருஷம் ஓடற வண்டியில தலை எண்ணினவன் டீச்சர், நிக்கற குடையை எண்ணத் தெரியாதா'ன்னு எல்லார் முன்னாடியும் கத்தினார். நானும் கத்தினேன். வகுப்பை விட்டுப் போகச் சொல்லிட்டேன்."

"விரிச்சு எண்ணிப் பார்த்தீங்களா?"

"எதுக்கு? ஃபைல்ல இருக்கே!"

"ஃபைலை யார் எழுதினது?"

"நான்தான்."

"எதைப் பார்த்து?"

டீச்சர் திரும்பிச் சுவரில் இருந்த ஃபைலைப் பார்த்தார்.

"நகலைப் பார்த்து," என்றாள் பெரியவளே. "நகல்ல முப்பது. கீழே போய்ப் பாருங்க, ஒரு ஜோடிப் பாதம் ஆளில்லாம நிக்குது. அசல்ல முப்பத்தொன்று. ஒன்பது பேர்ல ஆறு பேர் உங்க ஃபைலை மனப்பாடம் பண்ணி எழுதினாங்க. மூணு பேர்தான் படத்தைப் பார்த்து எண்ணினாங்க. அவங்க எண்ணினது எந்தப் படத்தை?"

டீச்சர் அந்த மூன்று பேப்பரையும் எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

"அக்கா," என்றாள் சின்னவள். "பரீட்சை நடந்தப்ப இந்த அலமாரியில இருந்தது அசலா?"

"மூணு மாசம் முன்னாடியிலேர்ந்தே. டீச்சர், சுருளைக் கொண்டுபோனது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"யாரும்மா?" டீச்சர் எழுந்தே விட்டார்.

"நீங்க."

சின்னவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. பணம் கொடுத்துக் கூப்பிட்டவரையே கைகாட்டினால் நாளைக்கு யார் வருவார்கள்?

"அன்னிக்கு மத்தியானம் சாவி வாங்கிட்டு எதுக்குப் போனீங்க?" பெரியவள் குரல் உயரவே இல்லை.

"ரெண்டு மணிக்கு வகுப்பு. நகல் வேணும். ஒட்டுக்காரர் இல்லை. மேஜையில துணி சுத்தி இருந்துச்சு, எடுத்தேன், மஞ்சள் பெட்டியில போட்டு..." டீச்சர் நிறுத்தினார். கை மெல்ல வாய்க்குப் போனது. "ரெண்டு இருந்துச்சு. ஆமாம், ரெண்டு உருளை இருந்துச்சு. பக்கத்துல இருந்ததை எடுத்தேன்."

"நீங்க எடுத்தது அசல். மிச்சம் இருந்ததை அவர் விரிச்சுப் பார்க்காம அசல்னு பெட்டியில வெச்சார்."

"ஆனா ரெண்டு மாசத்துக்கு மேல வகுப்புல வெச்சிருக்கேனே! வாரம் ரெண்டு தடவை விரிச்சாங்களே! வெறுங்கையால! எனக்குத் தெரியாம இருக்குமா? எனக்கா?"

"விரிக்கும்போது நீங்க எங்கே நின்னீங்க?"

டீச்சர் எழுந்து நின்று காட்டினார். காட்டும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது, பாவம். மேஜைக்கு முதுகு, மாணவர்களுக்கு முகம். வழிகாட்டி வேலையின் முதல் பாடமே அதுதானாம்: முகம் வந்தவர்கள் பக்கம், முதுகு படத்தின் பக்கம். யார் முகத்தில் ஆச்சரியம் வருகிறது, யார் கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பேச வேண்டும். படத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசுகிறவன் படிக்காமல் வந்தவன். அப்படியே ஒரு ஆயுளே நின்றிருக்கிறார்.

"ஒருத்தர் சொன்னார்," என்றார் டீச்சர். "இந்த நகல்ல பழைய புஸ்தக வாசனை வருது டீச்சர்னு. ஈரக் கையோட தொட்டிருப்பீங்கன்னு சொன்னேன்."

சின்னவள்தான் மணியைப் பார்த்தாள். மூன்றே கால். "சரி, அசல் இங்கே இருந்துச்சு. இப்ப இல்லையே! அது எங்கே?"

"கண்டக்டர் சண்டை போட்டுட்டுப் போன அப்புறம் சுருளை விரிச்சீங்களா டீச்சர்?"

"இல்லை. பரீட்சையோட சுருள் பாடம் முடிஞ்சது. அப்புறம் பீங்கான்."

பெரியவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

* * *

வாசல் காவலாளி யோசிக்கவே இல்லை. "கண்டக்டர் ஐயாவா? நல்லா ஞாபகம் இருக்கு. கோவமாப் போனார். ஒரு வணக்கம்கூட வைக்கலை."

"கையில ஏதாவது இருந்துச்சா?"

"நீளமா ஒரு மரப்பெட்டி."

"நிறுத்திக் கேட்கலையா நீங்க?" என்றாள் சின்னவள்.

"எதுக்கும்மா? மஞ்சள் ஸ்டிக்கர் இருந்துச்சே. மஞ்சள் பெட்டி தினம் பத்து போகும், பத்து வரும்."

இருநூறு வருஷத்துச் சுருள், பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, காவலாளி கதவைத் திறந்துவிட, வெளியே போயிருக்கிறது. சின்னவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். டீச்சர் முகத்தைப் பார்த்தால் வரவில்லை.

சேர்க்கைப் படிவத்தில் விலாசம் இருந்தது. சின்னவள் ஓட்டுவது டிரைவிங் ஸ்கூல் மூடியபோது சம்பள பாக்கிக்குப் பதிலாக வந்த கார். இரண்டு பக்கமும் பிரேக். முன்னால் உட்கார்ந்த டீச்சர் ஒவ்வொரு முக்கிலும் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

"டீச்சர், ரெண்டு பேரும் ஓட்டினா இந்த வண்டி எங்கேயும் போய்ச் சேராது."

"கால் தானா போகுதும்மா."

"அந்த ஆள் வித்திருந்தா?" என்றாள் சின்னவள், கண்ணாடியில் பின்னால் பார்த்து.

"நகலை யார் வாங்குவா?" என்றாள் பெரியவள். "அவருக்கு அது நகல். அதுதான் என் பயமே. அசல்னு தெரிஞ்சு எடுத்தவன் பத்திரமா வெச்சிருப்பான்."

டீச்சர் மறுபடியும் பிரேக்கை மிதித்தார். இந்தத் தடவை முக்கு எதுவும் இல்லை.

* * *

சாவி செய்கிற கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது கண்டக்டரின் மனைவி. கையில் கரண்டி. டீச்சரைப் பார்த்ததும், "ஏங்க, வந்துட்டாங்க! நீங்க சொன்ன மாதிரியே வந்துட்டாங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். பிறகு குரலைத் தணித்து, "மூணு வாரமாச் சாப்பாட்டு மேஜையை எங்களுக்குக் கொடுக்கலைம்மா. தரையிலதான் சாப்பிடறோம். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க," என்றாள்.

கண்டக்டர் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். கனத்த உடம்பு, பேருந்துக் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஒரு தோள் மட்டும் உயர்ந்திருந்தது. டீச்சரைத் தவிர வேறு யாரையும் அவர் பார்க்கவில்லை.

"வாங்க டீச்சர். நான் திருட்டுத்தனமா எடுத்துட்டு வரலை. காட்டிட்டுத் திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தேன். ரெண்டு தடவை காட்சியகத்துக்குப் போன் பண்ணினேன், வகுப்புல இருக்கீங்கன்னாங்க. பரவாயில்லை, வந்துட்டீங்க. இப்ப எண்ணுங்க."

சுருள் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்து, அதோடு சேர்த்துப் போட்ட இஸ்திரி மேஜையையும் தாண்டி, ஜன்னல் திட்டுவரை விரிந்து கிடந்தது. சாயங்கால வெயில் முழுசாக அதன்மேல். மழைக்கோடுகள் உயிரோடு சாய்ந்தன. சின்னவளுக்கு ஓவியம் கீவியம் ஒன்றும் தெரியாது. ஆனால் மத்தியானம் பார்த்தது இதன் நிழல் என்பது அவளுக்கே தெரிந்தது.

அப்புறம்தான் சீட்டுகளைப் பார்த்தாள்.

ஒவ்வொரு குடைக்கும் நேர் கீழே, காலடியில், டிக்கெட் அளவில், கோடு போட்ட நோட்டிலிருந்து நேராக வெட்டிய சின்னச் சீட்டு. நீல மையில் எண். ஒன்று, இரண்டு, மூன்று. கோந்து போட்டு அழுத்தமாக ஒட்டியிருந்தது. சில இடத்தில் கோந்து வழிந்து காய்ந்து, சுற்றிலும் இருந்த சேற்று நிறம் கருத்திருந்தது.

"வெறும் வாயால சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. அதனாலதான் நம்பர் ஒட்டினேன்," என்றார் கண்டக்டர். "ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிட்டே வாங்க."

டீச்சர் வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். உதடு மட்டும் அசைந்தது. பத்தொன்பதாவது சீட்டு வந்ததும் நின்றுவிட்டார். அங்கே ஒரு கிழவி. ஓட்டைக் குடை. ஊர்வலத்தில் எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டு போக, அவள் ஒருத்தி மட்டும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்கிற மாதிரி ஒரு முகம். டீச்சர் அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு நடந்து கடைசிச் சீட்டுக்கு வந்தார்.

"முப்பத்தொன்று," என்றார்.

கண்டக்டர் மூச்சை விட்டார், மூன்று வாரம் பிடித்து வைத்திருந்த மூச்சு. "அவ்வளவுதான் டீச்சர். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். பார்த்து எழுதினேன்னு சொன்னீங்க பாருங்க, அதான் தாங்கலை. நகலைக் கொண்டுபோங்க. வேணும்னா சீட்டை உரிச்சுத் தர்றேன்." நகத்தை முதல் சீட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

"தொடாதீங்க!" பெரியவளும் டீச்சரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கண்டக்டர் கை அப்படியே நின்றது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முப்பது வருஷம் முகம் பார்த்து இறங்கும் இடம் சொன்னவர். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இது... நகல்தானே?" என்றார்.

 அவர் சுவரோடு சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். "ஏங்க, என்னங்க?" என்று மனைவி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. "கோந்து போட்டேனே," என்றார். "முப்பத்தோரு இடத்துல கோந்து போட்டேனே."

டீச்சரின் போன் அடித்தது. டைரக்டர். டீச்சர் எடுத்த அவசரத்தில் எங்கேயோ விரல் பட்டு ஸ்பீக்கர் ஆகி, அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"மணி நாலரை ஆச்சு டீச்சர். ஏதாவது கிடைச்சுதா?"

"கிடைச்சுடுச்சு சார். என் கண்ணு முன்னாடி இருக்கு."

"அப்பாடா!" அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "நல்லா இருக்கா?"

"கெட்டுப்போயிருக்கு. எவ்வளவுன்னு ஒட்டுக்காரர்தான் பார்த்துச் சொல்லணும்."

அந்தப் பக்கம் நாற்காலி மறுபடியும் கிறீச்சிட்டது. பிறகு டைரக்டர் குரல் இறங்கியது, கெட்டியாகவும் ஆனது. "யார்கிட்ட இருந்துச்சு? பேரைச் சொல்லுங்க. தாள் என் கையிலதான் இருக்கு. உங்க பேரை அடிச்சுட்டு அந்தப் பேரைப் போட்டுடறேன். நீங்க வகுப்பை விட்டு அனுப்பின அந்த ஆளா? கோவத்துல தூக்கிட்டுப் போய்க் கெடுத்துட்டானா? அப்படித்தானே?"

எல்லாம் உண்மைதான். எடுத்தது கண்டக்டர், கெடுத்தது கண்டக்டர், கோபத்தில்தான் எடுத்தார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடிப்பதுவரைதான் அவள் வேலை.

கண்டக்டரின் மனைவி டீச்சரைக் கைகூப்பிக் கும்பிட ஆரம்பித்திருந்தாள். கண்டக்டர் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "சொல்லட்டும். நான்தானே ஒட்டினேன்," என்றார்.

"பேரை மாத்த வேணாம் சார்," என்றார் டீச்சர். "என் பேரே இருக்கட்டும். திருடிட்டாங்கன்னு எழுதியிருப்பீங்க பாருங்க, அதை மட்டும் அடிச்சுடுங்க."

"அடிச்சுட்டு?"

"அசலைத் தூக்கிட்டுப் போய் மாணவர்கள் கையில கொடுத்து, இது நகல், தாராளமாத் தொடுங்கன்னு சொன்னது நான். குடை முப்பத்தொண்ணுன்னு ஒருத்தர் எண்ணிச் சொன்னப்ப, தப்புன்னு பெருக்கல் குறி போட்டு வெளியே அனுப்பினதும் நான். ஃபைல்ல இருக்கற விடையே தப்பு சார். அதையும் எழுதுங்க."

"டீச்சர், புரிஞ்சுதான் பேசறீங்களா? போலீஸ்லேர்ந்து வேணா நீங்க தப்பிக்கலாம். வேலை போயிடும். அந்த ஆளைச் சொல்லிட்டா நாளைக்குக் காலைல வழக்கம்போல வகுப்புக்கு வரலாம்."

"வந்து?" என்றார் டீச்சர். "எதைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பேன்?"

அந்தப் பக்கம் தாள் சரசரத்தது. டைரக்டர் அதில் எதை அடிக்கிறார், பேரையா, திருட்டையா என்று சொல்லத் தெரியவில்லை. சின்னவள் எட்டிப் போய் ஜன்னல் திரையை இழுத்து விட்டாள். வெயில் சுருளைவிட்டு இறங்கியது.

டீச்சர் போனைப் பெரியவளிடம் நீட்டினார். "நீங்க இந்த வீட்டு விலாசத்தைச் சொல்லுங்கம்மா. எனக்கு வாய் குழறுது. ஒட்டுக்காரர் வந்தாலும் சரி, போலீஸ் வந்தாலும் சரி, வழி தெரியணுமே."

சொல்லிவிட்டு, கண்டக்டருக்குப் பக்கத்தில், அதே சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்துகொண்டார்.